கருப்பனுக்கு நேர்ந்த வரகுக்கோழி

உலகத்தில் பறவைகளைக் காப்பாற்றியவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். படித்துக் காப்பாற்றியிருப்பார்கள், சட்டம் போட்டுக் காப்பாற்றியிருப்பார்கள், வேலி கட்டிக் காப்பாற்றியிருப்பார்கள். ஓடத் தெரியாத ஒரே தகுதியை வைத்துக்கொண்டு ஒரு பறவையைக் காப்பாற்றிய மனிதர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவர் அருப்புக்கோட்டைக்காரர். இதில் சந்தேகம் இருப்பவர்கள் பரளச்சிப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்து யாரை வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம்.

அவர் பெயர் ஆராய்ச்சி. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு, அது ரேஷன் கார்டோடு சரி. "ஆராய்ச்சி வாராரு", "ஆராய்ச்சிக்கு ஒரு டீ போடு", "ஆராய்ச்சிக்குக் காய்ச்சலாம்ல" என்றுதான் ஊர் பேசும். நெசவுக் குடும்பம். வீட்டில் கன்னடம், வெளியில் தமிழ், பறவையைப் பார்த்துவிட்டால் இங்கிலீஷ். அண்ணன் தம்பிகள் எல்லாரும் தறியில் உட்கார்ந்திருக்க, இவர் மட்டும் மதுரைக்குப் போய் விலங்கியல் படித்து, அதற்கு மேலும் படிக்க வரகுக்கோழி என்கிற பறவையைத் தலைப்பாக எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினார். "கோழியப் பத்தித் தெரிஞ்சுக்க எதுக்குப்பா மதுரைக்குப் போகணும்? அடுத்த வீட்டுலயே மேயுதே" என்று அவருடைய அப்பா வருஷக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆள் நெட்டை. காக்கி அரைக்கால் சட்டை, கழுத்தில் ஒரு பழைய பைனாகுலர், தலையில் ஈரத்துண்டு. எல்லாவற்றையும்விட முக்கியம் அவருடைய பாதங்கள். அருப்புக்கோட்டைச் செருப்புக் கடைகளில் அந்த அளவு கிடையாது, சொல்லித்தான் தைக்க வேண்டும். அந்த இரண்டு பாதங்களுக்கும் ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லை. நடந்தால் எப்படியோ சமாளித்துக்கொள்ளும். ஓட ஆரம்பித்தால் ஒன்று காரியாபட்டிக்குப் போகும், மற்றது திருச்சுழிக்குப் போகும், ஆராய்ச்சி நடுவில் விழுவார்.

நான் அறுபதுகளில் அருப்புக்கோட்டையில் ஓர் அச்சகத்தில் புரூப் திருத்திக்கொண்டிருந்தேன். கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ், கருமாதிக் கடிதம் என்று எந்நேரமும் வேலை இருக்கும். ஒருநாள் ஆராய்ச்சி வந்து, வரகுக்கோழியைப் பற்றிப் பொதுமக்களுக்கு ஒரு நோட்டீஸ் அடிக்க வேண்டும் என்றார். "என்ன விசேஷம் சார்? அதுக்குக் காதுகுத்தா?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்க எனக்குப் பாடம் நடத்தினார். அன்றிலிருந்து எனக்கு 'புரூப்' என்று பெயர் வைத்துவிட்டார்.

பாடத்தின் சுருக்கம் இதுதான். வரகுக்கோழி ஏறத்தாழ நாட்டுக்கோழி அளவு இருக்கும். நீளக் கால், நிமிர்ந்த கழுத்து, காய்ந்த புல்லின் நிறம். மழைக்காலத்தில் வடக்கே இருக்கும் புல்வெளிகளில் சேவல் கறுப்பும் வெள்ளையுமாக மாறி, தலைக்குப் பின்னால் குஞ்சம் முளைத்து, புல்லுக்கு மேலே எம்பி எம்பிக் குதித்துப் பெட்டையைக் கூப்பிடும். அதெல்லாம் முடிந்ததும் சில பறவைகள் கார்த்திகை மார்கழி வாக்கில் நம்முடைய வரகுக் காட்டுக்கு வந்து தங்கி, பங்குனிக்குள் புறப்பட்டுவிடும். சாதுவான பறவை, சுவையும் அதிகம். அதனால் சுட்டே தீர்த்துவிட்டார்கள், மிச்சம் இருப்பது கொஞ்சம்தான் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

நோட்டீஸை ஊர் முழுக்கக் கொடுத்தோம். மறுநாள் எல்லாக் கடைகளிலும் அதில் பக்கோடா மடித்துக் கொடுத்தார்கள். ஆராய்ச்சி அசரவில்லை. படிக்காத ஜனங்களுக்குச் செய்துதான் காட்ட வேண்டும் என்று, சந்தை நாளில் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நின்றார். காதுக்குப் பின்னால் பக்கத்துக்கு மூன்று ஈர்க்குச்சி, அதன் நுனியில் கறுப்புத் துணி. சேவல் இப்படித்தான் குதிக்கும் என்று சொல்லி, இரண்டு கையையும் படபடவென்று அடித்துக்கொண்டு எம்பினார். திருச்சுழி பஸ்ஸுக்குக் காத்திருந்த கூட்டம் பஸ்ஸை விட்டுவிட்டு நின்று பார்த்தது. குதித்தது நன்றாகத்தான் இருந்தது. இறங்கும்போதுதான் வெள்ளரிப்பிஞ்சுக் கூடைக்குள் இறங்கினார்.

கூட்டத்தில் ஒரு சம்சாரி விடவில்லை. "ஏங்க சார், எங்க புஞ்சையில இது வந்து நிக்கும். எங்கப்பன் காலத்துலருந்து பாக்குறோம். ஒரு நாளும் குதிச்சதில்லையே?"

"இங்க குதிக்காதுங்க. வடக்கதான் குதிக்கும்."

"ஏன், இங்க தரை ஆகாதா?"

"கல்யாணம் கார்த்தியெல்லாம் அங்க. இங்க ஓய்வெடுக்க வருது."

"குதிக்கிறத அங்க குதிச்சிட்டு, திங்கிறதுக்கு மட்டும் இங்க வருதாக்கும்" என்று சம்சாரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அவருக்கு வரகுக்கோழி மேல் இருந்த கொஞ்ச மரியாதையும் அன்றோடு போயிற்று.

அடுத்தது டூரிங் டாக்கீஸ். இடைவேளையில் விளம்பர ஸ்லைடு போடுவார்கள் அல்லவா? ஆராய்ச்சி தன் கையாலேயே கண்ணாடியில் படம் வரைந்து, "அரிய வரகுக்கோழி! வேறெங்கும் காண முடியாது! நம் பகுதி மக்களே, மறவாதீர்!" என்று எழுதிக் கொடுத்தார். அதைப் பாத்திரக் கடை விளம்பரத்துக்கு அடுத்தும், பஸ் ஸ்டாண்டுப் புரோட்டாக் கடை விளம்பரத்துக்கு முன்னும் போட்டார்கள். ஆராய்ச்சி தரை டிக்கெட்டில் உட்கார்ந்து, தன் ஸ்லைடு வந்ததும் எழுந்து நின்று கை தட்டினார். ஜனங்களும் தட்டினார்கள். வெற்றி என்று எங்கள் இரண்டு பேருக்கும் தலைகால் புரியவில்லை.

மறுவாரம் புரோட்டாக் கடைக்காரர் அச்சகத்துக்கே வந்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. "சார், நீங்க நல்லா இருக்கணும். கடைக்கு வர்றவன்லாம் அந்தக் கோழி இருக்கா, அந்தக் கோழி இருக்கான்னு கேக்குறான். நானும் நாளைக்கு வரும், நாளைக்கு வரும்னு சொல்லிக்கிட்டிருக்கேன். ஒரு கூடை கெடைக்குமா சார்?"

ஆராய்ச்சியின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஊரில் ஒருத்தனுக்கும் தெரியாமல் இருந்த பறவையை, ஊர் முழுக்க நாக்கில் எச்சில் ஊறத் தேடும்படி செய்துவிட்டார். விளம்பரம் என்றால் அதுதான் விளம்பரம், இன்றைக்கு இருக்கிற கம்பெனிக்காரர்களால்கூட முடியாது.

இதில் இன்னொரு சங்கடமும் இருந்தது. இவ்வளவு பிரசாரம் செய்த ஆராய்ச்சி, இரண்டு வருஷமாகத் தேடியும் இந்தப் பக்கத்தில் ஒரு வரகுக்கோழியைக்கூடக் கண்ணால் பார்க்கவில்லை. அந்தச் சம்சாரியின் புஞ்சை உட்பட, காரியாபட்டியிலிருந்து திருச்சுழிவரை சைக்கிளில் போகாத புஞ்சை இல்லை. மதுரையில் அவருடைய புரொபசர் பொறுமை இழந்துவிட்டார். "இல்லாத பறவைக்கு என்னப்பா ஆராய்ச்சி? இந்த வருஷமும் கண்ணுல படலைன்னா தலைப்பை மாத்து. கரப்பான் பூச்சி எடுத்துக்கோ. உன் ரூம்லயே கிடைக்கும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். கரப்பான் பூச்சிக்கு நான் விரோதி இல்லை. ஆனால் அதற்காக யாராவது காதில் ஈர்க்குச்சி சொருகிக்கொண்டு குதிப்பார்களா?

தை பிறந்து ஒருநாள், ஆராய்ச்சி உடம்பெல்லாம் ஒட்டுப்புல்லோடு அச்சகத்துக்குள் ஓடிவந்தார். வாசற்படியில் ஒருமுறை விழுந்து எழுந்து, "புரூப்! இருக்கு! இருக்கு புரூப்!" என்று என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். எங்கே என்று கேட்டேன். என்னுடைய ஊரில்தான். ஊருக்குக் கிழக்கே கிடக்கும் மேய்ச்சல் புல்லுக்காட்டில் ஏழெட்டுப் பறவைகள் சாவகாசமாக வெட்டுக்கிளி பொறுக்கிக்கொண்டு திரிகின்றனவாம். அவர் அழுது முடித்ததும் எனக்கு அழுகை வந்தது. அறுப்பு முடிந்து ஊர்வேட்டை வைப்பதற்கு என் பெரியப்பா நாள் குறித்திருந்தது அதே புல்லுக்காட்டில்தான்.

ஊர்வேட்டை என்றால் வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும். வலை, கம்பு, நாய் சகிதமாகக் காட்டை வளைத்துக்கொண்டு ஒரு முனையிலிருந்து அடித்து விரட்டுவார்கள். முயல், கௌதாரி, காடை என்று எது எழுந்தாலும் விடுவதில்லை. அந்த ஏழெட்டும் போய்விட்டால் ஆராய்ச்சிக்கு வேறு காடு கிடையாது, அப்புறம் கரப்பான் பூச்சிதான்.

வேட்டைக்கு முந்தின நாள் சாயங்காலம் கருப்பன் கோயிலுக்கு முன்னால் ஊர் கூடியது. ஆராய்ச்சியை நான்தான் கூட்டிப்போனேன். என் பெரியப்பா ஊர் நாட்டாமை, பெரிய மீசை, அதைவிடப் பெரிய சாப்பாட்டுப் பிரியர். ஆராய்ச்சி அருமையாகப் பேசினார். உலகத்திலேயே நம் நாட்டில் மட்டும் இருக்கிற பறவை இனம், கொஞ்ச காலத்தில் அடியோடு அழிந்துபோய்விடும், அப்புறம் நினைத்தாலும் கிடைக்காது என்று நெஞ்சு உருகச் சொன்னார்.

பெரியப்பா கவனமாகக் கேட்டார். "அப்படியா சார், அழிஞ்சே போயிருமா?"

"ஆமாங்கய்யா. சீக்கிரமே."

"அடப் பாவமே. அப்ப நாளைக்கே சாப்பிட்டுப் பாத்திரணும்யா. பெறகு கெடைக்காதாம்ல."

கூட்டம் ஆமோதித்தது. அந்த நேரத்தில் ஒரு கறுப்புக் கிடா சாவகாசமாக வந்து, பூசாரிக்கு முன்னால் இருந்த தட்டிலிருந்து வாழைப்பழத்தைத் தோலோடு தின்றுவிட்டு, என் பெரியப்பாவின் துண்டையும் ஒரு கடி கடித்துவிட்டுப் போனது. யாரும் அதை ஏன் என்று கேட்கவில்லை. ஆராய்ச்சி என் காதோரம் குனிந்து, ஏன் யாரும் விரட்டவில்லை என்று கேட்டார். "அது கருப்பனுக்கு நேந்துவிட்ட கிடா சார். யாரும் தொடக்கூடாது" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். மிச்சத்தைச் சொல்ல வாயெடுப்பதற்குள் மனிதர் கூட்டத்தைத் தாண்டிப் போய்விட்டார். கருப்பன் சிலைக்கு முன்னால் முட்டிக்கால் போட்டு, இரண்டு கையையும் தூக்கி, "சாமி! கருப்பா! இந்தக் காட்டுல இருக்கிற வரகுக்கோழி அத்தனையும் உனக்கு நேந்து விட்டுட்டேன்! இனிமே வர்றதையும் சேத்து நேந்து விட்டுட்டேன்!" என்று கத்தினார்.

பூசாரி விபூதியை எடுத்து ஆராய்ச்சியின் நெற்றியில் பூசி, "சாமி ஏத்துக்கிச்சு" என்றார். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். தறிக்காரர் வீட்டுப் பிள்ளைக்குக் கோயில் காளைக்கும் நேர்த்திக் கிடாவுக்கும் வித்தியாசம் எப்படித் தெரியும்?

மறுநாள் வேட்டையில் அதிசயம் நடந்தது. விரட்டில் புல்லுக்குள்ளிருந்து முயல்கள் பாய்ந்தன, கௌதாரிகள் எழும்பின. நடுவில் வரகுக்கோழிகளும் எழுந்து, ஆட்களின் தலைக்கு மேலேயே தாழ்வாகப் பறந்து போயின. கம்பை ஓங்கியவர்கள் இறக்கிக்கொண்டார்கள். ஒருவர் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார். ஆராய்ச்சி அன்றைக்குச் சந்தோஷத்தில் ஊருக்கே காராச்சேவு வாங்கிக் கொடுத்தார். அதை ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு என் பெரியப்பா கேட்டார்:

"அப்ப மாசிக் களரிக்கு வெட்டிறலாம்ல சார்?"

"எதைங்கய்யா?"

"கோழியைத்தான். நேந்தது பெறகு எதுக்கு? சிவராத்திரி களரி கும்பிட்டு மறுநாள் காலையில நேர்ச்சையெல்லாம் வெட்டிருவோம். கிடாவும் அப்பத்தான்."

ஆராய்ச்சிக்குக் காராச்சேவு தொண்டையில் மாட்டிக்கொண்டது. நான் முதுகில் தட்டிக்கொண்டே விஷயத்தை விளக்கினேன். நேர்ந்துவிட்டதை அதுவரைக்கும்தான் தொடக்கூடாது. களரி, அதாவது சிவராத்திரிச் சாமிகும்பிடு வந்தால் சாமிக்குக் கொடுத்தாக வேண்டும். காப்பாற்றப் போய், மொத்தப் பறவைக்கும் சாவதற்கு நாள் குறித்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

பூசாரி வீட்டுக்கு ஓடினோம். வழியில் ஆராய்ச்சி விழுந்த இடங்களை நான் இங்கே சொல்லவில்லை. "பூசாரி ஐயா, தெரியாமச் சொல்லிட்டேன். திருப்பி வாங்கிக்கறேன்" என்றார் ஆராய்ச்சி.

"சாமிகிட்ட குடுத்ததத் திருப்பிக் கேக்குறீகளா? நல்லாருக்கே நாயம்."

"அப்ப அய்யனாருக்கு மாத்திடுங்க. அவரு சைவந்தான?"

"கருப்பனுக்குச் சொன்னத அய்யனாருக்குக் குடுத்தா, ரெண்டு சாமிக்கும் சண்டை இழுத்து விடுறதுக்கா?"

ஆராய்ச்சி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பூசாரி நல்ல மனிதர், ஆனால் முறை தப்பமாட்டார். கொஞ்சம் இறங்கி வந்து, "பயப்படாதீக சார். எல்லாத்தையும் கேக்காது. ஒண்ணு குடுத்தாப் போதும். ஆனா ஒண்ணு, நேந்தவுக கையாலதான் புடிச்சுக் கொண்டாரணும். இன்னொருத்தன் தொட்டா சாமி குத்தமாயிரும்" என்றார்.

எனக்குப் பொறி தட்டியது. "வலை போடலாமா?"

"கூடாது. நேர்ச்சைக்கு வெறுங்கை."

"நாய்?"

"நாயி தொட்டதச் சாமி திங்குமாடா?"

"சாரால பிடிக்க முடியலைன்னா?"

"அந்த வருசம் சாமி வேண்டாங்குதுன்னு அர்த்தம். அடுத்த வருசம் மறுபடி ஓடணும். பிடிக்கிற வரைக்கும் அது சாமி சொத்து. எவனும் கிட்டப் போகக்கூடாது."

நான் ஆராய்ச்சியின் பாதங்களைப் பார்த்தேன். எனக்கு அப்போது ஏற்பட்ட நிம்மதி சாதாரணமானது அல்ல. வெளியே வந்து, "சார், நீங்க எப்பவாச்சும் ஒரு கோழியப் புடிச்சிருக்கீங்களா?" என்றேன்.

"குஞ்சுகூடப் புடிச்சதில்ல, புரூப்."

"அப்பக் கவலைய விடுங்க. சும்மா ஓடுற மாதிரி ஓடுங்க."

அவர் நின்றுவிட்டார். "அது முடியாது. ஓடினா நெஜமாத்தான் ஓடுவேன். சாமிகிட்ட ஏமாத்தக் கூடாது. கருப்பன் ஒரு வார்த்தை கேக்காம ஏத்துக்கிட்டாரு. நானும் ஒழுங்கா நடந்துக்கணும்." இதுதான் ஆராய்ச்சி. தப்பாகச் செய்தாலும் ஒழுங்காகச் செய்வார். எனக்குத்தான் களரி வரைக்கும் தூக்கம் போனது.

களரி முடிந்த மறுநாள் காலை புல்லுக்காட்டு ஓரத்தில் அத்தனை ஜனம். பக்கத்து ஊர்க்காரர்களும் வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். புரோட்டாக் கடைக்காரர் அருப்புக்கோட்டையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து முன் வரிசையில் நின்றார். கொட்டு முழங்க, மாலையும் கழுத்துமாக ஆராய்ச்சி புல்லுக்குள் இறங்கினார். எதிரே ஒரு வரகுக்கோழி தலையைத் தூக்கிப் பார்த்தது. ஆராய்ச்சி ஓடினார்.

பறவை பறக்கவில்லை. அதற்கு அந்த அவசியமே ஏற்படவில்லை. நாலு எட்டு நடந்து, நின்று, திரும்பிப் பார்த்தது. ஆராய்ச்சி அதற்குள் முதல் உடைமுள்ளில் விழுந்து கன்னடத்தில் அம்மாவைக் கூப்பிட்டார். எழுந்து ஓடினார். அது இன்னும் நாலு எட்டு நடந்தது. ஜனங்கள் ஆராய்ச்சியைப் பார்த்துச் சிரித்தார்கள், பறவையை வாய்பிளந்து பார்த்தார்கள். பிறந்ததிலிருந்து அதே காட்டில் மாடு மேய்த்தவர்கள் அன்றைக்குத்தான் அதை முழுசாகப் பார்த்தார்கள்.

"ஏ ஆத்தி, நடையப் பாரேன், தாசில்தாரு கணக்கா!"

"கழுத்தச் சாய்ச்சுப் பாக்குது பாருடி. என்ன அழகு கொழிக்குது."

"இந்தா சார்! எடத்து பக்கமா! எடத்து பக்கமா போங்க!" என்று பெரியப்பா கத்தினார். ஆராய்ச்சி இடது பக்கம் போனார், அங்கேயும் முள்தான். கடைசியில் பறவைக்கே சலித்துப்போய், சிறகை விரித்து, வெயிலில் ஒரு வட்டமடித்துத் தூரமாய்ப் போய் இறங்கியது. பெண்கள் குலவை போட்டார்கள். யாருக்காகப் போட்டார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. பூசாரி, "இந்த வருசம் சாமிக்கு வேண்டாமாம்" என்று அறிவித்தார். சாயங்காலம் வரை ஆராய்ச்சியைக் கயிற்றுக் கட்டிலில் குப்புறப் போட்டு ஊக்கால் முள் எடுத்தார்கள்.

அதற்கப்புறம் வருஷா வருஷம் இதே கதைதான். நோட்டீஸும் ஸ்லைடும் குதியாட்டமும் செய்யாததை இந்த ஓட்டம் செய்தது. ஆராய்ச்சி ஓட்டத்தைப் பார்க்கத் திருச்சுழியிலிருந்தும் காரியாபட்டியிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பறவைக்குச் 'சாமிக்கோழி' என்று பெயர் வந்தது. அது வரும் மாதங்களில் புல்லுக்காட்டில் ஆடு மாடு விடுவதில்லை, தீ வைப்பதில்லை என்று ஊர் முடிவெடுத்தது. புரோட்டாக் கடைக்காரர் களரிக்குத் தற்காலிகக் கடை போட்டார். யாராவது அந்தக் கோழியைக் கேட்டால், "வாயக் கழுவுங்கண்ணே, அது சாமிக்கோழி" என்று சண்டைக்கு வந்தார். ஒருமுறை ஜீப்பில் துப்பாக்கியோடு வந்த வெளியூர்ப் பெரிய மனிதர்களை, புஞ்சையில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் மறித்துவிட்டார்கள்.

"இதச் சுடக்கூடாதுய்யா. ஆராய்ச்சி கையாலதான் புடிக்கணும்."

"யாரும்மா அந்த ஆராய்ச்சி? பெரிய வேட்டைக்காரனா?"

"அவுகளா? அவுகளுக்கு இன்னும் போன வருச முள்ளே எடுத்து முடியல" என்றார்களாம். ஜீப் திரும்பிவிட்டது. எழுபதுகளில் சர்க்கார் காட்டு உயிர்களுக்கென்று சட்டம் கொண்டுவந்ததைப் பேப்பரில் படித்துச் சொன்னேன். "நம்ம கருப்பன் அப்பவே போட்டுட்டானே" என்று பெரியப்பா மீசையைத் தடவிக்கொண்டார்.

புரொபசரும் ஒருமுறை வந்து பார்த்தார். பறவைகளைப் பார்த்துக் குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். "எப்படிப்பா காப்பாத்துனே? என்ன முறை?" என்று கேட்டார். "நேந்து விட்டேன் சார்" என்றார் ஆராய்ச்சி. அதை எந்த அத்தியாயத்தில் எழுதுவது என்று இரண்டு பேரும் வெகுநேரம் விவாதித்தார்கள். எப்படியோ பட்டம் கிடைத்தது, மதுரையில் கல்லூரி வேலையும் கிடைத்தது. ஆனாலும் களரி வந்தால் லீவு போட்டுவிட்டு வந்து ஓடுவார். "நேர்ச்சை பாக்கி இருக்கே, புரூப்" என்பார்.

எழுபதுகளின் நடுவில் மழை பொய்த்த ஒரு வருஷம். புல் முழங்கால் அளவுகூட வளரவில்லை, முள்ளுச் செடியும் கருகிக் கிடந்தது. அந்த வருஷம் காட்டில் ஒரே ஒரு பறவைதான் தங்கியிருந்தது. கொட்டு அடித்ததும் ஆராய்ச்சி வழக்கம்போல ஓடினார். பறவை வழக்கம்போல நடந்தது. ஆனால் நாலு எட்டு வைத்ததும் உட்கார்ந்துவிட்டது. இடது சிறகு தரையில் தொங்கியது. எதிலோ மோதி அடிபட்டிருக்க வேண்டும்.

ஆராய்ச்சி அன்றைக்கு என்ன துரதிர்ஷ்டமோ விழவே இல்லை. அந்தப் பாதங்கள் வாழ்க்கையில் முதல்முறையாகச் சமாதானம் ஆகி, ஒரே திசையில் போயின. பறவைக்கும் அவருக்கும் நடுவில் கை நீட்டும் தூரம்தான் இருந்தது. கொட்டு நின்றுபோயிற்று. குனிந்தால் பிடித்துவிடலாம். ஏமாற்றமாட்டேன் என்று வாக்குக் கொடுத்த மனிதர், கையை நீட்டவும் முடியாமல் மடக்கவும் முடியாமல் நின்றார்.

அப்போதுதான் அந்தக் குரல் வந்தது. என் பெரியப்பாதான். நாளைக்கே சாப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும் என்ற அதே பெரியப்பா.

"விழுங்க சார்!"

அப்புறம் புரோட்டாக் கடைக்காரர் கத்தினார். "விழுங்க சார்! விழுங்க!" பெண்கள் கத்தினார்கள், கொட்டுக்காரர்கள் கத்தினார்கள், நானும் தொண்டை கிழியக் கத்தினேன். மொத்த ஜனமும் ஒரே குரலில் அவரை விழச் சொன்னது. ஆராய்ச்சி திரும்பி எங்களைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. பிறகு கோயில் இருந்த திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். கல் இல்லாத, குழி இல்லாத, முள் இல்லாத சமதரையில், நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

எல்லாருடைய கண்ணும் பூசாரியின் மேல் இருந்தது. முறை தப்பாத மனிதர். பறவை தத்தித் தத்திப் புல்லுக்குள் மறையும்வரை அவர் கண்ணை மூடிக்கொண்டே நின்றார். அப்புறம் திறந்து, கணீரென்று சொன்னார்: "சாமி தள்ளி விட்டுருச்சு."

அன்றைக்குப் போட்ட குலவை பரளச்சிவரை கேட்டது என்பார்கள். சிறகு சரியாகி அந்தப் பறவை எழும்பிப் பறக்கிறவரை ஊர் நாய்களை எல்லாம் கட்டிப்போட வைத்தவர் என் பெரியப்பா.

ஆராய்ச்சி அதற்குப் பிறகு அதிக காலம் இருக்கவில்லை. ஒரு சித்திரை மாதம், அடுத்த களரிக்கு வெகுநாள் இருக்கும்போதே, நெஞ்சுவலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. எங்கள் ஊர் மொத்தமும் லாரி பிடித்து அருப்புக்கோட்டைக்குப் போய், அந்த நெசவாளர் தெருவை அடைத்துக்கொண்டு அழுதது. தறிகளெல்லாம் நின்றிருந்தன. அவருடைய அப்பா திகைத்துப்போய் என்னிடம், "இவ்வளவு பேருக்கும் எம் மகன் என்னப்பா செஞ்சான்?" என்று கேட்டார். ஓடினார் என்று எப்படிச் சொல்வது? அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த மாசியில் கொட்டுக்காரர்கள் புல்லுக்காட்டு ஓரம் வந்து நின்றார்கள். ஓட ஆள் இல்லை. பறவைகள் வந்திருந்தன. நேர்ச்சை இனி என்ன ஆகும் என்று பெரியப்பாதான் கேட்டார். பூசாரி கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டுவிட்டு, "நேந்த கை போயிருச்சு. இனி அதைத் தொட எந்தக் கைக்கும் பாத்தியதை இல்ல. அது என்னைக்கும் சாமி சொத்துதான்" என்றார். பெரியப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கடைசிவரைக்கும் புடிக்காமயே ஜெயிச்சிட்டாரேய்யா மனுசன்" என்றார்.

கூட்டம் கலைந்த பிறகு நான் அந்தச் சமதரைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். எத்தனையோ பெரிய மனிதர்கள் மேடையேறி நின்றதைப் பார்த்திருக்கிறேன். ஆராய்ச்சி சார் அங்கே விழுந்ததைப் போல ஒருவரும் எனக்கு உயரமாகத் தெரிந்ததில்லை.